டிஸ்அஃபெக்ஷன்: வெறும் ‘அதிருப்தி’ அல்ல

கேட்கப்பட்ட கேள்வி இது: 1908, 1910 காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் ‘டிஸ்அஃபெக்ஷன்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதியில் பார்த்தால் ‘அதிருப்தி, மனக்குறை’ என்று இருக்கிறது. மனக்குறைக்கா ஒரு பத்திரிகை ஆசிரியரை 6 வருஷம் நாடு கடத்தினார்கள்? அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினார்கள்? தமிழில் இதை எப்படி எழுதுவது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைய இந்தியப் பத்திரிகை உலகில் அது சாதாரணச் சொல் அல்ல. சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த சொல். இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவுக்கு உயிர்நாடியே அந்த ஒரு சொல்தான். ஆளும் அரசின் மேல் குடிமக்களுக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட பற்று முறிந்து, வெறுப்பாகத் திரும்புவதற்கு அது பெயர். ஒரு பத்திரிகை இன்னொரு பத்திரிகையைப் பற்றி இந்தச் சொல்லை எழுதினால் அது விமர்சனத்தோடு நிற்காது. ஏறக்குறைய போலீஸில் புகார் கொடுத்த மாதிரி.

நானும் வெகுநாள் ‘அதிருப்தி’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். பழைய தீர்ப்பு ஒன்றைத் தமிழாக்கும்போது ‘அரசின் மீது அதிருப்தியைத் தூண்ட முயன்ற குற்றம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். வாக்கியம் நிற்கவில்லை. ரேஷன் அரிசி சரியில்லை என்றாலும் அதிருப்திதான், பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றாலும் அதிருப்திதான். அதைத் தூண்டுவது எப்படி ஆயுள் தண்டனை வரைக்கும் போகும் குற்றமாகும்? அப்போதுதான் அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனேன். போகப்போக, அந்தக் கால இதழியலின் பாதிக் கதை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

சிக்கல் முழுவதும் முன்னொட்டில் இருக்கிறது. அஃபெக்ஷன் என்றால் அன்பு, பற்று. அதற்கு முன்னால் ‘டிஸ்’ வந்து ஒட்டினால் இரண்டு விதமாகப் படிக்கலாம்: அன்பு இல்லாத நிலை, அல்லது அன்புக்கு நேர் எதிரான ஒன்று. நம் மொழியில் புழங்கும் சொற்களிலும் இந்த இரண்டும் உண்டு. ‘அசைவம்’ என்றால் சைவம் அல்லாதது, அவ்வளவுதான். ஆனால் ‘அநீதி’ என்றால் நீதி இல்லாத வெற்றிடத்தையா சொல்கிறோம்? அங்கே ஒரு கொடுமை நடக்கிறது என்று சொல்கிறோம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதனால் அவரை வெறுக்கிறேன் என்று ஆகிவிடாது. சரி, அரசின் மேல் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குப் பிரியம் இல்லை என்றால் அதுவே குற்றமா, இல்லை வெறுப்பைப் பரப்பினால்தான் குற்றமா? ஒரு முன்னொட்டை எப்படிப் படிப்பது என்பதில் மனிதர்களின் வாழ்நாள் தொங்கியது.

இந்தப் பிரிவு 1837-இல் மெக்காலே தயாரித்த வரைவில் இருந்தது. 1860-இல் சட்டம் நிறைவேறியபோது விடுபட்டுப்போனது. 1870-இல் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் முன்னின்று அதைச் சேர்த்தார். அப்போது பிரிவின் ஓரத் தலைப்பே ‘டிஸ்அஃபெக்ஷனைத் தூண்டுதல்’ என்றுதான் இருந்தது. ‘செடிஷன்’ என்ற தலைப்பு 1898 திருத்தத்தில்தான் வந்தது. பிரிவின் உடலுக்குள் செடிஷன் என்ற சொல்லே கிடையாது. இன்றைக்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை. நாம் ‘ராஜத்துரோக வழக்கு’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். துரோகம் என்றால் ஒரு செயல் நினைவுக்கு வருகிறது. சட்டம் எடை போட்டது செயலை அல்ல, உணர்வை.

முதல் பெரிய வழக்கு 1891-இல் கல்கத்தாவில் நடந்தது. ‘பங்கபாசி’ என்ற வங்காளி வார இதழ், பெண்களின் சம்மத வயதை உயர்த்திய அந்த ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. அந்தச் சட்டம் நல்ல சட்டம், இதழ் எழுதியது பிற்போக்கு என்பது என் எண்ணம். ஆனால் இங்கே விஷயம் அது அல்ல. தலைமை நீதிபதி சர் காமர் பெத்தராம் ஜூரிகளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்: டிஸ்அஃபெக்ஷன் என்பது அன்புக்கு மாறான உணர்வு, அதாவது பிடிக்காமை அல்லது வெறுப்பு. ‘டிஸ்அப்ரோபேஷன்’ என்பது வெறுமனே ஒப்புக்கொள்ளாமை. ஒருவருடைய கருத்தையும் செயலையும் ஒப்புக்கொள்ளாமல் இருந்துகொண்டே அவரை நேசிக்கவும் முடியும் என்றார். தகப்பன் மகன் உறவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது இல்லையா? ஓர் அந்நிய அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் இருப்பதை அன்பு, பிரியம் என்ற குடும்பச் சொற்களால் அளக்கும் பழக்கம் நீதிமன்றத்தில் இந்த இடத்தில் வேர் பிடித்தது. அந்த வழக்கில் ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. இதழ் தரப்பு மன்னிப்புக் கேட்டது, வழக்கு கைவிடப்பட்டது. விளக்கம் மட்டும் தங்கிவிட்டது.

6 வருஷம் கழித்து பம்பாயில் திலகர் மேல் முதல் வழக்கு. அவருடைய மராத்திப் பத்திரிகையான ‘கேசரி’யின் 1897 ஜூன் 15 இதழில் சிவாஜி விழாவை ஒட்டி வந்த ஒரு கவிதையும் சொற்பொழிவுகளின் குறிப்பும்தான் காரணம். நீதிபதி ஆர்தர் ஸ்ட்ரேச்சி, பெத்தராம் சொன்னதை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனார். டிஸ்அஃபெக்ஷன் என்றால் அன்பு இல்லாமை என்றார். அப்புறம் அதை விரித்து வெறுப்பு, பகை, பிடிக்காமை, அவமதிப்பு, எல்லா வகைத் தீய எண்ணமும் அதில் அடங்கும் என்றார். எவ்வளவு வெறுப்பு என்பது தண்டனையின் அளவுக்குத்தான் பொருந்தும், குற்றமா இல்லையா என்பதற்குப் பொருந்தாது. கலவரம் நடந்ததா என்பதும் தேவையில்லை. ஜூரிகளில் 6 ஐரோப்பியர்கள் ஒரு பக்கம், 3 இந்தியர்கள் மறு பக்கம். திலகருக்கு 18 மாதம் கடுங்காவல்.

அதே 1897-இல் இன்னொரு மராத்திப் பத்திரிகை வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அன்பு இல்லாமை என்ற அர்த்தம் இங்கே சரிப்படாது, அரசோடு அரசியல் வகையில் முறித்துக்கொண்டு அதை எதிர்த்து நிற்கும் மனநிலை என்று கொள்ள வேண்டும் என்றது. ஆக, ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஒரே சொல்லுக்கு இரண்டு எடை. பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து தலையங்கம் எழுதுகிறவர் எதை நம்பி எழுதுவார்?

1898 திருத்தம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று வந்து வலையை இன்னும் அகலமாக்கியது. ‘வெறுப்பு, அவமதிப்பு’ என்ற இரண்டு சொற்கள் பிரிவுக்குள் சேர்ந்தன. டிஸ்அஃபெக்ஷன் என்பதில் விசுவாசமின்மையும் எல்லா வகைப் பகையுணர்வும் அடங்கும் என்று விளக்கமும் வந்தது. கூடவே ஒரு வாசல் விட்டார்கள்: அரசின் நடவடிக்கைகளை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதலாம், வெறுப்பைத் தூண்டாதவரை. நீங்கள் கேட்ட காலம் இங்கேதான் தொடங்குகிறது. 1900-க்குப் பிறகு ஓர் இந்திய ஆசிரியர் எழுதிய ஒவ்வொரு கண்டன வரியும் இந்த வாசல் வழியாக நுழையப் பார்த்ததுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய இதழ்களைப் படித்தால் எழுத்தின் போக்கே வேறாகத் தெரியும். வங்கப் பிரிவினை 1905-இல் வந்த பிறகு கட்டுரையாளர்கள் ‘அரசு’ என்ற சொல்லைச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். ‘அரசு’ கெட்டது என்று எழுதினால் குற்றம். ‘இந்த நடவடிக்கை’ கெட்டது, ‘இந்த அதிகாரி’ தவறு செய்தார் என்றால் தப்பிக்கலாம். தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைத்துப்போன ‘அதிகார வர்க்கம்’ என்ற சொல்லையும், மராத்தியில் திலகர் மேடைக்கு மேடை முழங்கிய ‘நோக்கர்ஷாஹி’யையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவை வெறும் வசைச்சொற்கள் அல்ல, கேடயமும்கூட. 1916-இல் சுயாட்சிச் சொற்பொழிவுகளுக்காகத் திலகரிடம் நன்னடத்தைப் பிணையாக 20,000 ரூபாய் பத்திரமும் ஆளுக்கு 10,000 ரூபாய் வீதம் இரண்டு பேர் ஜாமீனும் கேட்டார்கள். அந்தச் சொற்பொழிவுகளில் அவர் ‘சர்க்கார்’ என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நாம் எதிர்ப்பது கண்ணுக்குத் தெரிகிற அதிகாரிகளின் ஆட்சியை என்று பிரித்துப் பேசியிருந்தார். ஜின்னா அவருக்காக வாதாடினார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

கல்கத்தாவில் ‘வந்தே மாதரம்’ ஆங்கில நாளிதழ் இந்தக் கலையில் தேர்ந்தது. வரிக்கு வரி ராஜத்துரோகம் நாறுகிறது, ஆனால் சட்டத்தில் சிக்காதபடி சாமர்த்தியமாக எழுதுகிறார்கள் என்று ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் புலம்பினார் என்பதை, ‘வந்தே மாதரத்தில்’ எழுதிவந்த அரவிந்தர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1907-இல் அரவிந்தர் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. அவர்தான் ஆசிரியர் என்று நிரூபிக்க முடியாமல் போனது. அந்த வழக்கில் சாட்சி சொல்ல மறுத்த வங்கத் தலைவர் விபின் சந்திர பாலுக்கு 6 மாதச் சிறை. அவர் விடுதலையான நாளைக் கொண்டாடத்தான் 1908 மார்ச்சில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கூட்டம் போட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானது அதையொட்டித்தான். அவர்கள் மேல் விழுந்ததும் அதே 124-ஏ. நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பக்கம் பார்த்தால் இந்தச் சொல் வேறு வேலை செய்தது. 1857-இல் கலகம் செய்த பட்டாளங்களைக் குறிக்க அவர்கள் எழுதிய ‘டிஸ்அஃபெக்டட்’ என்ற அதே அடைமொழியைத்தான் 50 வருஷம் கழித்து வக்கீல்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பத்திரிகைகள் மேல் ஒட்டினார்கள். அதற்கும் முன்னால், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை ஆதரித்தவர்களை இப்படித்தான் அழைத்தார்கள். ஆகவே ஆங்கில வாசகரின் காதில் அது ‘குறை சொல்கிறவன்’ என்று விழாது, ‘இன்னொரு அரசனுக்காகக் காத்திருப்பவன்’ என்று விழும். இந்த ஒலியைத் தமிழ் வாசகர் தவறவிட்டால் முழுப் பத்தியும் கைநழுவிப்போகும்.

அதே நேரம் ‘லண்டன் டைம்ஸ்’ நிருபர் வாலண்டைன் சிரோல் 1910-இல் எழுதிய கட்டுரைகளுக்கு வைத்த தலைப்பு ‘இந்தியன் அன்ரெஸ்ட்’, அதாவது இந்திய அமைதியின்மை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘அன்ரெஸ்ட்’ என்றால் காய்ச்சல் மாதிரி, யாரையும் குற்றம் சாட்டாமல் ஒரு நிலையைச் சொல்லலாம். டிஸ்அஃபெக்ஷனுக்குக் குற்றவாளி வேண்டும். சிரோல் திலகரை ‘இந்திய அமைதியின்மையின் தந்தை’ என்று எழுதி மென்மையான சொல்லுக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். திலகர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டு 1919-இல் தோற்றார்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர்கள். இவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கதையின் அச்சாணியே இவர்கள்தான். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் உருதுவிலும் வந்த பத்திரிகைகளைப் படித்து ஆங்கிலத்தில் சாரம் எடுத்துக் கொடுப்பதற்கென்றே சென்னை மாகாண அரசு ஆள் வைத்திருந்தது. அந்த அறிக்கைகள் ரகசிய ஆவணங்களாக அதிகாரிகளிடம் சுற்றின. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். முதலில் ஒரு பட்டியல்: பத்திரிகையின் பெயர், வெளியாகும் ஊர், நாளிதழா வார இதழா, எத்தனை பிரதி போகிறது. அதற்குப் பிறகு எண்ணிட்ட பத்திகள். ஓரத்தில் பத்திரிகையின் பெயரும் தேதியும். ஒரு நீண்ட தமிழ்த் தலையங்கம் அங்கே 8, 10 வரி ஆங்கிலமாகச் சுருங்கிக் கிடக்கும். தமிழில் மனத்தாங்கல் வேறு, கசப்பு வேறு, வெறுப்பு வேறு, பகை வேறு. மனத்தாங்கல் என்பது உறவு இருக்கும் இடத்தில்தான் வரும். பகை என்றால் உறவு அறுந்துவிட்டது. அந்த 10 வரிச் சுருக்கத்தில் இவற்றில் எது எந்த ஆங்கிலச் சொல்லாக மாறுகிறது என்பதை வைத்துத்தான் சென்னையில் ஓர் அதிகாரி வழக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பார்.

இந்த இடத்தைத் திலகரைவிடக் கூர்மையாகப் பிடித்தவர் எவரும் இல்லை. 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குண்டு வெடித்து இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். அதையொட்டிக் கேசரியில் ‘நாட்டின் துரதிர்ஷ்டம்’ என்றும் ‘இந்த வழிகள் நிலைக்காது’ என்றும் பொருள்படும் தலைப்புகளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. குண்டை அவர் ஆதரிக்கவில்லை, ஆனால் அடக்குமுறைதான் குண்டைப் பெற்றெடுக்கிறது என்று வாதிட்டார். ஜூலை 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதி தாவர், 1897 வழக்கில் இதே திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல்.

திலகர் தானே வாதாடினார். பல நாட்களாக, மொத்தம் 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். அரசு மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் நிறுத்தி மராத்திச் சொல் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். என் சொல் இது, நீங்கள் போட்டிருக்கும் ஆங்கிலச் சொல் அதைவிடக் காரமானது என்பதுதான் அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. மராத்தி இன்னும் வளர்கிற மொழி, ஆங்கில அரசியல் கருத்துகளுக்கு இப்போதுதான் சொல் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம், அதை மறுபடி ஆங்கிலமாக்கும்போது பழைய கூர்மையான அர்த்தத்தை ஏற்றிவிடாதீர்கள் என்றார். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் எவருக்கும் இது நெஞ்சில் தைக்கும். அதோடு ஏராளமான பத்திரிகை நறுக்குகளையும் சான்றாகக் கொடுத்தார். அலகாபாத் ‘பயனியர்’ போன்ற ஆங்கிலேயர் பத்திரிகைகள் இந்தியர் மேல் பழிவாங்க வேண்டும் என்று எழுதுகின்றன, அவற்றுக்குப் பதில் சொல்வது ஒரு பத்திரிகையாளனின் கடமை, நான் எழுதியது அந்த விவாதத்தின் ஒரு பகுதி என்றார்.

ஜூரிகள் 9 பேரில் 7 பேர் ஐரோப்பியர்கள், 2 பேர் பார்சிகள். மராத்தி தெரிந்தவர்களின் சபை அல்ல அது. மொழிபெயர்ப்பைத்தான் அவர்கள் படித்தார்கள். 7-க்கு 2 என்று குற்றவாளி ஆக்கினார்கள். ஜூலை 22 இரவு தீர்ப்பு: 6 ஆண்டு நாடு கடத்தல், 1,000 ரூபாய் அபராதம். மாண்டலே சிறைக்குப் போனார். பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில்.

தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டில் அலை அடித்தது. ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். உடல்நலம் குன்றியிருந்த மனிதர், இனி அப்படி எழுதுவதில்லை என்று உறுதி கொடுத்து வெளியே வந்தார். அதை வைத்து அவரைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1882-இல் தமிழில் அரசியல் எழுதுவதற்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கி, 1899-இல் அதை நாளிதழாக்கி, கால் நூற்றாண்டு தாங்கியவர் அவர். பாரதி எழுதிய ‘இந்தியா’ வார இதழுக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். அவருக்குத்தான் 5 ஆண்டு தண்டனை. பாரதி புதுச்சேரி போனார், ‘இந்தியா’ அங்கிருந்து 1910 வரை வந்தது. எழுதியவர் ஒருவர், உள்ளே போனவர் இன்னொருவர். கல்கத்தா ‘யுகாந்தர்’ இதழிலும் இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் பெயர் கொடுத்துச் சிறைக்குப் போனார்கள். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இன்று யாருக்கும் தெரியாது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தமிழில் அப்போது ‘ராஜத்துரோகம்’, ‘ராஜத்துவேஷம்’, ‘ராஜநிந்தனை’ என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால் நடுவில் உள்ள ‘துவேஷம்’தான் மூலத்துக்கு மிகக் கிட்ட வருகிறது, ஏனென்றால் அது உணர்வின் பெயர். இன்று பழக்கத்தில் இருக்கும் ‘தேசத்துரோகம்’ முழுத் தவறு. சட்டம் தேசத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அரசைப் பற்றித்தான் பேசியது.

1910 பத்திரிகைச் சட்டம் இந்தச் சொல்லை நீதிமன்றத்துக்கு வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஜூரிகள், விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் இருந்தன. இப்போது அச்சகம் நடத்துகிறவர் முன்பணமாக ஜாமீன் தொகை கட்ட வேண்டும். டிஸ்அஃபெக்ஷன் தெரிந்தால் அரசே அதைப் பறிமுதல் செய்யும். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு. நேராகவோ மறைமுகமாகவோ, ‘ஊகம், குறிப்பு, மறைகுறிப்பு, உருவகம், உட்பொருள்’ வழியாகவோ, வேறு எப்படியோ அந்த உணர்வு எழக்கூடும் என்றால் போதும். உருவகம்! குற்றவியல் சட்டத்துக்குள் அணியிலக்கணம் நுழைந்த இடம். கீசகனைப் பற்றி எழுதினாலும் கம்சனைப் பற்றி எழுதினாலும் யாரைச் சொல்கிறாய் என்று கேட்க முடியும். 1913-இல் ‘காம்ரேட்’ பத்திரிகை ஆசிரியர் முகமது அலியின் வழக்கில் கல்கத்தா தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், இந்தச் சட்டத்தின் வீச்சில் தரமான இலக்கியம் என்று மதிக்கப்படுவதுகூட நிறையச் சிக்கும் என்று வெளிப்படையாகவே எழுதினார். அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ 1916-இல் சென்னையில் கட்டிய 2,000 ரூபாய் இந்தச் சட்டத்தில்தான் போனது.

இங்கிலாந்தும் இந்தச் சொல்லிலிருந்து தப்பவில்லை. முதல் உலகப் போர் தொடங்கியதும் அங்கே வந்த பாதுகாப்பு விதிகள், மன்னர் மேல் டிஸ்அஃபெக்ஷன் உண்டாக்கும் செய்தியைத் தடை செய்தன.

இந்தச் சொல்லை அதன் சொந்த இலக்கணத்தாலேயே மடக்கியவர் காந்தி. 1921-இல் ‘யங் இந்தியா’வில் ‘டிஸ்அஃபெக்ஷன் ஒரு நற்குணம்’ என்று பொருள்படும் தலைப்பிலேயே எழுதினார். 30 வருஷமாகப் பத்திரிகைக்காரர்கள் ‘எங்களிடம் அது இல்லை’ என்று நிரூபிக்கத் தவித்த ஒன்றை, ‘ஆமாம், இருக்கிறது, இருக்க வேண்டியதுதான்’ என்று ஒருவர் தலைப்பில் போட்டுவிட்டார். 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்ட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பு மாஜிஸ்திரேட் விசாரணையில் தன் தொழில் விவசாயி, நெசவாளி என்று சொல்லியிருந்தார். புரூம்ஃபீல்ட் முன்னால், குற்றச்சாட்டில் மன்னரின் பெயர் விடப்பட்டிருக்கிறது, விட்டது சரிதான் என்று குறிப்பிட்டார். அப்புறம் எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தார். அதில் ஒரு வரி: அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது. ஒரு மனிதர் மேலோ ஓர் அமைப்பின் மேலோ ஒருவருக்கு அன்பு இல்லை என்றால், வன்முறையைத் தூண்டாதவரை, அந்த அன்பின்மையை முழுமையாக வெளிப்படுத்த அவருக்குச் சுதந்திரம் வேண்டும்.

ஆங்கிலத்தில் அந்த இரண்டு வாக்கியங்களிலும் ‘அஃபெக்ஷன்’, ‘டிஸ்அஃபெக்ஷன்’ இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. 1891-இல் பெத்தராம் ஜூரிகளுக்குச் சொன்ன அதே வேர்ச்சொல் விளக்கத்தை எடுத்து, அரசின் பக்கமே திருப்பி வைத்தார். சட்டச் சொல் மறுபடி மனிதச் சொல்லானது அங்கேதான். திலகருக்குக் கொடுத்த அதே 6 ஆண்டைத்தான் தானும் கொடுப்பதாகச் சொல்லித் தீர்ப்பளித்தார் புரூம்ஃபீல்ட். 1910 பத்திரிகைச் சட்டம் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. 124-ஏ நீக்கப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அது இருந்தது. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கோ பொது ஒழுங்கு கெடுவதற்கோ தூண்டினால்தான் குற்றம் என்று அதைச் சுருக்கியது. 2022 மே 11 அன்று அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் டிஸ்அஃபெக்ஷன் என்ற சொல் இல்லை. ஆனால் அதன் பழைய ஜோடியான டிஸ்அப்ரோபேஷன், அதாவது அரசின் நடவடிக்கைகளை ஒப்புக்கொள்ளாமை, விளக்கப் பகுதியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ‘உணர்வுகளை’ ஊக்குவிப்பது என்ற பேச்சும் பிரிவுக்குள் இருக்கிறது.

இனி உங்கள் கையிலிருக்கும் நறுக்குகளுக்கு வருகிறேன். வழக்குச் செய்தியில் ‘டிஸ்அஃபெக்ஷனைத் தூண்ட முயன்றதாக’ என்று வந்தால் ‘அரசின் மேல் துவேஷத்தைத் தூண்ட முயன்றதாக’ என்று எழுதுங்கள். இன்றைய வாசகருக்குத் துவேஷம் பழையதாகத் தெரியுமே என்று தோன்றினால் ‘வெறுப்பையும் விசுவாசமின்மையையும்’ என்று இரண்டு சொல் போடலாம். ஆனால் 1898 திருத்தத்துக்குப் பிந்திய பிரிவு முழுவதையும் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் வெறுப்பு என்ற சொல்லை ‘ஹேட்ரட்’டுக்கு விட்டுவைக்க வேண்டும், அது தனியாக வருகிறது. ஆங்கிலேயர் பத்திரிகை ஒரு சுதேசிப் பத்திரிகையை அந்த அடைமொழியால் திட்டினால் ‘ராஜவிசுவாசமற்ற’ என்பது அன்றைய காதுக்குப் பொருந்தும். காந்தியின் அறிக்கையில் மட்டும் இவை எதுவும் உதவாது. அங்கே அன்பும் அன்பின்மையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ‘அன்பின்மை’ என்றே போடுங்கள்.